ஒரே ஐஆர்க்யூ லைன்ல நாலு டிவைஸ்: எந்த சிம்ப்டம் வந்தா எங்க பாக்கணும்

லினக்ஸ்ல டிரைவர் எழுதுறவங்களுக்கும், வேற யாரோ எழுதின டிரைவரை புது போர்டுல ஏத்திட்டு முழிச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கும் இது. டிவைஸ் "என்னை கவனி"ன்னு சிபியுவுக்கு அனுப்புற சிக்னல்தான் இன்டரப்ட், அது வர்ற லைன்தான் ஐஆர்க்யூ. எம்எஸ்ஐ (தனி லைன் இல்லாம மெமரி ரைட்டா வர்ற இன்டரப்ட்) வந்தப்புறம் இன்டரப்ட் ஷேரிங்லாம் பழைய கதைன்னு சிலர் சொல்வாங்க, ஓரளவுக்கு நெஜந்தான். ஆனா பழைய பிசிஐ கார்டு, எஃப்பிஜிஏ போர்டு, லேப்டாப்ல ஏசிபிஐ கூட ஒட்டிக்கிட்டு இருக்கிற ஜிபிஐஓ கன்ட்ரோலர், பின் பத்தலைன்னு ஒரே பின்ல ரெண்டு சென்சாரை கோத்துவிட்ட எம்பெடட் போர்டுன்னு இன்னும் எல்லா இடத்துலயும் இது உயிரோடதான் இருக்கு.

பிசிஐல ஐஎன்டிஏல இருந்து ஐஎன்டிடி வரைக்கும் நாலு இன்டரப்ட் பின். எல்லாமே ஆக்டிவ் லோ, லெவல் ட்ரிகர் (லைன் கீழ இருக்கிற வரைக்கும் இன்டரப்ட்), ஓபன் டிரெயின். யார் வேணா லைனை கீழ இழுக்கலாம், இழுத்த எல்லாரும் விட்டாத்தான் மேல ஏறும். ஒண்டுக்குடித்தன வீட்டு வாசல்ல ஒரே காலிங் பெல் இருக்கிற மாதிரி, அடிச்சது யாருக்குன்னு கர்னலுக்குத் தெரியாது, அதனால அந்த லைன்ல பதிஞ்சிருக்கிற எல்லா ஹேண்ட்லரையும் (இன்டரப்ட் வந்தா ஓடுற டிரைவர் ஃபங்ஷன், ஐஎஸ்ஆர்னும் சொல்வாங்க) பதிஞ்ச வரிசையிலயே ஒண்ணு விடாம கூப்பிடும். விண்டோஸ்ல லெவல் லைன்னா ட்ரூன்னு சொன்ன முதல் ஐஎஸ்ஆரோட நின்னுரும், லினக்ஸ்ல அப்படி நிக்காது. ஒவ்வொரு ஹேண்ட்லரும் தன் டிவைஸோட ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை படிச்சு, என்னுதுன்னா ஐஆர்க்யூ_ஹேண்டில்ட், இல்லன்னா ஐஆர்க்யூ_நன்னு திருப்பணும். கீழ வர்ற முக்கால்வாசி பிரச்சனை இந்த பதில்ல யாரோ பொய் சொல்றதாலதான். இதுல கொடுமை என்னன்னா பொய் சொன்னவன் பேர் லாக்ல வராது, பக்கத்துல தேமேன்னு இருந்தவன்தான் மாட்டுவான், அதனால எரர்ல பேர் வந்த டிரைவரை மட்டும் பிடிச்சு நோண்டிக்கிட்டு இருக்காதீங்க.

எதுவா இருந்தாலும் முதல்ல இதை பாருங்க

/ப்ராக்/இன்டரப்ட்ஸ் ஃபைலை கேட் பண்ணுங்க. இப்படி ஒரு வரி இருக்கும்:

16: 4182077 0 ஐஓ-ஏபிஐசி 16-ஃபாஸ்ட்இஓஐ இஎச்சிஐ_எச்சிடி:யுஎஸ்பி1, மைடேக்

கடைசில கமா போட்டு ரெண்டு பேர் இருந்தா அந்த லைன் ஷேர் ஆகுது. பிசிஐ-எம்எஸ்ஐன்னு இருந்தா உங்க பிரச்சனை ஷேரிங் இல்ல, இதோட நிறுத்திட்டு வேற பக்கம் தேடுங்க. பேர் இருக்கவேண்டிய இடத்துல குப்பை எழுத்தா வந்தா அது தனி கேஸ்: ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூக்கு குடுக்கிற பேரை கர்னல் காப்பி பண்ணாது, பாயின்டரை மட்டும் வச்சுக்கும், நீங்க ஸ்டாக்ல ஒரு பஃபர் வச்சு ஸ்பிரின்ட்எஃப் பண்ணி அதை அப்படியே குடுத்திருப்பீங்க.

அடுத்தது /ப்ராக்/ஐஆர்க்யூ/16/ஸ்பூரியஸ். அதுல இன்டரப்ட் கவுன்ட் (1,00,000 ஆனதும் மறுபடி பூஜ்யத்துல இருந்து எண்ணும்), யாரும் ஏத்துக்காத கவுன்ட், கடைசியா எப்போன்னு மூணும் இருக்கும். நிறைய பேர் இந்த ஃபைல் இருக்குறதையே கவனிக்கிறதில்ல.

டிரைவர் ஏறவே இல்ல, ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ -16 குடுக்குது

-16ன்னா இபிஸி (EBUSY), லைன் ஏற்கனவே பிஸி. கர்னல் லாக்ல "ஃப்ளாக்ஸ் மிஸ்மேட்ச்"னு ஒரு வரி வந்திருக்கும், அதுல ரெண்டு ஹெக்ஸ் நம்பர், ரெண்டு பேர். முதல் நம்பர் புதுசா வந்தவன், ரெண்டாவது ஏற்கனவே உக்காந்திருக்கிறவன். பிரிச்சு படிங்க: 80 ஷேர்ட், 1 ரைசிங் எட்ஜ் (லைன் மேல ஏறுற நொடியில மட்டும் இன்டரப்ட்), 2 ஃபாலிங் எட்ஜ், 4 லெவல் ஹை, 8 லெவல் லோ, 2000 ஒன்ஷாட் (ஹேண்ட்லரோட த்ரெட் முடியற வரைக்கும் லைனை மூடியே வைக்கிறது). ஷேர்ட், ட்ரிகர் டைப், ஒன்ஷாட் மூணுலயும் எல்லாரும் ஒத்துப்போகணும். ரெண்டாவது நம்பர்ல 80 இல்லன்னா ஏற்கனவே இருக்கிறவன் லைனை யாருக்கும் தரமாட்டேன்னு எழுதிக்கிட்டான், உங்க கோடை எவ்வளவு மாத்தினாலும் ஒண்ணும் ஆகாது, அவன் டிரைவரைத்தான் திருத்தணும்.

ஒன்ஷாட் சிக்கலுக்கு நல்ல உதாரணம் 2024ல நடந்துச்சு. ஏசிபிஐயோட இன்டரப்டை த்ரெட்டட் ஹேண்ட்லரா (வேலையை தனி கர்னல் த்ரெட்ல செய்ற ஹேண்ட்லர்) மாத்தினாங்க, கூடவே ஒன்ஷாட் ஃப்ளாக் வந்துச்சு, ஏஎம்டி சிஸ்டங்கள்ல அதே லைனை ஷேர் பண்ற பின்கன்ட்ரோல் டிரைவர்ல அது இல்ல. லாக்ல 00000088 பின்கன்ட்ரோல்_ஏஎம்டிக்கு, 00002080 ஏசிபிஐக்கு. ரெண்டுலயும் ஷேர்ட் இருக்கு, ஏசிபிஐ ட்ரிகர் எதுவும் கேக்கலை அதனால 8 இடிக்காது, 2000 மட்டும் இடிக்குது. கடைசில ஐஆர்க்யூஎஃப்_கண்ட்_ஒன்ஷாட்னு புது ஃப்ளாக்கே கொண்டு வந்தாங்க, "ஏற்கனவே இருக்கிறவன் ஒன்ஷாட்னா நானும் ஒன்ஷாட், இல்லன்னா எனக்கு வேண்டாம்"னு அர்த்தம்.

-16 வருது ஆனா மிஸ்மேட்ச் வரியையே காணோம்னா டிரைவர் ஐஆர்க்யூஎஃப்_ப்ரோப்_ஷேர்ட் போட்டிருக்கான்னு பாருங்க, அது அந்த மெசேஜை அமுக்கிரும்.

இன்னொண்ணு, -16 போகட்டும்னு ஐஆர்க்யூஎஃப்_ஷேர்டை சும்மா ஒட்டவைக்காதீங்க. அந்த ஹேண்ட்லர் "என்னுது இல்ல"ன்னு சொல்லத் தெரியாத ஹேண்ட்லரா இருந்தா இந்த எரர் போயி கீழ இருக்கிற மோசமான சிம்ப்டம்ல ஒண்ணு வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

-22 வருது

ஷேர்ட் போட்டுட்டு டெவ்_ஐடி இடத்துல நல் (NULL, காலி பாயின்டர்) குடுத்திருப்பீங்க. லைன்ல இருக்கிற பல பேர்ல யாரை கழட்டணும்னு கர்னல் அந்த பாயின்டரை வச்சுத்தான் கண்டுபிடிக்குது, அதான் கட்டாயம். ப்ரைமரி ஹேண்ட்லர் இடத்துல NULL இருக்கிற த்ரெட்டட் ஐஆர்க்யூல ஒன்ஷாட் போடாம விட்டாலும் இதே -22தான். ஷேர்ட் கூட நோ_ஆட்டோஎன் சேர்த்தாலும் இதேதான், அடுத்தவன் லைனை நீங்க ஆஃப்லயே வச்சிருக்க முடியாது இல்லையா.

"ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்", அப்புறம் "டிஸேபிளிங் ஐஆர்க்யூ"

எல்லாரும் பாத்திருக்கிற மெசேஜ் இதுதான். உள்ள நடக்கிறது என்னன்னா, கர்னல் 1,00,000 இன்டரப்டை ஒரு கட்டா எண்ணும், அதுல 99,900க்கு மேல எல்லா ஹேண்ட்லரும் நன்னு சொல்லியிருந்தா லைனையே மூடிரும். மெசேஜுக்கு கீழ அந்த லைன்ல இருக்கிற ஹேண்ட்லர் பேர் லிஸ்ட் வரும், குற்றவாளி அந்த லிஸ்ட்ல இல்லாமயே இருக்கலாம்.

மூடினப்புறம் அந்த லைன்ல இருந்தவங்க முழுசா சாகமாட்டாங்க. கர்னல் ஒரு டைமர் வச்சு செகண்டுக்கு 10 தடவை ஹேண்ட்லர்களை கூப்பிட்டுப் பாக்கும். அதனால மவுஸ் விட்டு விட்டு நகரும், யுஎஸ்பி டிஸ்க் ஆமை வேகத்துல காப்பி ஆகும், "மவுஸ் ஸ்டக் ஆகுது"ன்னு வர்ற கம்ப்ளெயின்ட்டுக்கு டிமெசேஜ் ஓட்டிப் பாத்தா நாலு மணி நேரத்துக்கு முன்னாடி இந்த வரி விழுந்திருக்கும்.

இப்ப யார்னு கண்டுபிடிக்கணும். ரூட்டா எல்எஸ்பிசிஐ -விவி ஓட்டுங்க. ஒவ்வொரு டிவைஸ்லயும் ஸ்டேட்டஸ் வரியோட கடைசில ஐஎன்டிஎக்ஸ் (ஐஎன்டிஏல இருந்து ஐஎன்டிடி வரைக்கும் பொதுப்பேர்) பிளஸ்னோ மைனஸ்னோ இருக்கும். பிளஸ்னா அந்த டிவைஸ் இந்த நிமிஷம் இன்டரப்ட் கேட்டுக்கிட்டு நிக்குது. டிரைவரே இல்லாத ஒரு டிவைஸ்ல பிளஸ் நின்னா வேலை முடிஞ்சுது, பயாஸ் அதை அரைகுறையா எழுப்பி விட்டுட்டு போயிருக்கு, அதை கவனிக்க யாரும் இல்ல, அதே லைன்ல வேற டிரைவர் வந்து லைனை திறந்த உடனே வெள்ளம் கொட்டுது. டெஸ்ட் பண்ண கமாண்ட் ரெஜிஸ்டரோட 10வது பிட், அதாவது ஐஎன்டிஎக்ஸ் டிஸேபிள், அதை செட்பிசிஐல போட்டுப் பாருங்க: செட்பிசிஐ -எஸ் 03:00.0 கமாண்ட்=0400:0400. இந்த பிட் பிசிஐ 2.3ல வந்தது, அதுக்கு முந்தின கார்டுல எதிர்பாக்காதீங்க. போட்டதும் அமைதியானா உங்க ஆள் அவன்தான், நிரந்தரமா தீர்க்கணும்னா அதுக்கு ஒரு பிசிஐ க்வர்க் (அந்த சிப்புக்கு மட்டுமான கர்னல் திருத்தம்) எழுதுங்க இல்ல அதோட டிரைவரை லோட் பண்ணி ஒழுங்கா அடக்கி வைக்கச் சொல்லுங்க.

பிளஸ் நிக்கிறது உங்க டிவைஸ்ல, உங்க ஹேண்ட்லரும் ஓடுது, ஆனா நன்னு சொல்லுதுன்னா உங்க கோடுதான். டிரேசிங்ல ஐஆர்க்யூ_ஹேண்ட்லர்_என்ட்ரி, ஐஆர்க்யூ_ஹேண்ட்லர்_எக்ஸிட் ரெண்டு ஈவென்டையும் ஆன் பண்ணுங்க, எக்ஸிட் வரியில ஹேண்டில்ட், அன்ஹேண்டில்ட்னு ஒவ்வொரு தடவையும் தெளிவா வரும். ஒரு கார்டு இருக்கும்போது ஓடுது, அதே மாடல்ல ரெண்டாவது கார்டு சொருகினா போகுதுன்னா நூத்துக்கு தொண்ணூறு கேஸ் குளோபல் வேரியபிள்தான். பேஸ் அட்ரஸை ஃபைலுக்கு மேல ஸ்டாட்டிக்கா வச்சிருப்பாங்க, இன்னொரு கார்டு அடிக்கும்போதும் ஹேண்ட்லர் ஒரே கார்டோட ரெஜிஸ்டரையே ரெண்டு தடவை படிச்சுட்டு ஒண்ணுமில்லன்னு போயிரும். டெவ்_ஐடி வழியா வர்ற பாயின்டரை தவிர வேற எதையும் ஹேண்ட்லர் நம்பக்கூடாது.

டிவைஸ் மைனஸ்னு சொல்லுது, யாருமே பிளஸ் இல்ல, ஆனாலும் லைன் அடிச்சுக்கிட்டே இருக்கா? நடுவுல பிசிஐஇ-பிசிஐ பிரிட்ஜ் இருக்கான்னு பாருங்க. பிசிஐஇல வயர் கிடையாது, அசெர்ட், டீஅசெர்ட்னு ரெண்டு மெசேஜ்தான் போகும். டீஅசெர்ட் மெசேஜ் தொலைஞ்சா லைன் கீழயே இருக்கிறதா கர்னல் நினைச்சுக்கிட்டே இருக்கும். ஏஎஸ்எம்1083 பிரிட்ஜ் சிப்புக்கு இந்த வியாதி ஊரறிஞ்சது, பழைய பிசிஐ ஸ்லாட் வேணும்னு அந்த சிப் இருக்கிற மதர்போர்டு வாங்கினவங்க இதுல நிறைய அவஸ்தை பட்டாங்க. இங்க உங்க டிரைவர் கோடுல திருத்த ஒண்ணும் இல்ல. ஐஆர்க்யூபோல்னு பூட் ஆப்ஷன் குடுத்தா வண்டி ஓடும், மூச்சு வாங்கிக்கிட்டு.

ஸ்பூரியஸ் ஃபைல்ல பாதிக்குப் பாதி அன்ஹேண்டில்ட், ஆனா நோபடி கேர்ட் மட்டும் வரலைன்னா அது இன்னொரு கதை. பிசிஐல மெமரி ரைட் எல்லாம் போஸ்டட், அதாவது நீங்க ஆக் ரெஜிஸ்டர்ல (இன்டரப்டை பாத்தாச்சுன்னு டிவைஸுக்கு சொல்ற இடம்) எழுதினது டிவைஸுக்கு போய்ச் சேர்றதுக்குள்ள ஹேண்ட்லர் திரும்பிரும், லைன் இன்னும் கீழதான் இருக்கு, அதனால உடனே இன்னொரு தடவை கூப்பிடுவாங்க, அதுக்குள்ள எழுதினது போய்ச் சேர்ந்து ஸ்டேட்டஸ் காலி, பதில் நன். 99,900ஐ தொடாததால கர்னல் கண்டுக்காது, சிபியு மட்டும் வீணாகும். ஆக் எழுதின கையோட அதே டிவைஸ்ல ஒரு ரீட் பண்ணுங்க, சரியாயிரும்.

மெஷின் அப்படியே உறையுது, லாக்ல ஒரு வார்த்தை இல்ல

நோபடி கேர்ட் வந்தா அது நல்ல காலம். அது வராம டாப்ல எச்ஐ காலம் 100 தொட்டு ஒரு கோர் செத்துக்கிடந்தா, லைன்ல யாரோ எதைக் கேட்டாலும் ஹேண்டில்ட்னு சொல்லிக்கிட்டு இருக்கான். கர்னலோட எண்ணிக்கைக்கு எல்லாம் சரியா நடக்கிற மாதிரியே தெரியும், லைன் மூடப்படாது, உண்மையில அடிச்சது பக்கத்து டிவைஸ். சாம்பிள் கோடுல இருந்து எடுத்த ஹேண்ட்லர்ல கடைசி வரி கண்டிஷன் இல்லாம ஹேண்டில்ட்னு இருக்கான்னு முதல்ல தேடுங்க.

ரெண்டாவது சந்தேகம் எல்லாம் எஃப். டிவைஸ் டி3 தூக்கத்துல இருக்கு இல்ல கழட்டிட்டாங்க, பக்கத்தவன் இன்டரப்ட் அடிக்கிறான், உங்க ஹேண்ட்லரும் ஓடுது, ஸ்டேட்டஸ் படிச்சா ஹெக்ஸ்ல எட்டு எஃப் வருது. கோடு பாத்துட்டு ஆஹா எல்லா பிட்டும் செட், எல்லாம் எனக்குத்தான்னு வேலையை ஆரம்பிக்கும், ஸ்டேட்டஸ் காலியாகுற வரைக்கும் சுத்துற லூப் இருந்தா அதுலயே நின்னுரும். ஏஆர்எம் எஸ்ஓசில கிளாக் ஆஃப் ஆன பிளாக்கை படிச்சா இன்னும் மோசம், சில சிப்ல பஸ்ஸே தொங்கிரும், சிலதுல அபார்ட் வரும். ரன்டைம் பிஎம் (சும்மா இருக்கும்போது டிவைஸை தூங்க வைக்கிறது) போட்டிருக்கிற டிரைவர் ஷேர்ட் லைன்ல இருந்தா, தூங்கப்போறதுக்கு முன்னாடி ஒரு ஃப்ளாக் வச்சு ஹேண்ட்லர் அதை பாத்துட்டு ரெஜிஸ்டரை தொடாமயே நன் சொல்லணும்.

ஹேண்ட்லரோட தொடக்கம் இந்த மாதிரி இருந்தா போதும்:

ப்ரைவ் = டெவ்_ஐடி
ப்ரைவ் தூங்குதுன்னா, திருப்பு நன்
ஸ்டேட்டஸ் = ரீட்எல் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்
ஸ்டேட்டஸ் முழுக்க எஃப்னா, திருப்பு நன்
ஸ்டேட்டஸ் = ஸ்டேட்டஸ் அண்ட் ப்ரைவ்ல இருக்கிற மாஸ்க்
ஸ்டேட்டஸ் பூஜ்யம்னா, திருப்பு நன்
ஸ்டேட்டஸை ஆக் ரெஜிஸ்டர்ல எழுது

அந்த மாஸ்க் (நீங்க எனேபிள் பண்ணின பிட்டுகள்) வரியைத்தான் பல பேர் விட்டுருவாங்க. நெட்வொர்க் டிரைவர்ல நேபி போலிங் (இன்டரப்டுக்கு காத்திருக்காம பாக்கெட்டை போய் எடுக்கிறது) ஓடும்போது இன்டரப்டை மாஸ்க் பண்ணி வச்சிருப்போம், ஆனா ஸ்டேட்டஸ் பிட் அது பாட்டுக்கு ஏறி நிக்கும். பக்கத்தவன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் உங்க ஹேண்ட்லர் ஏறியிருக்கிற அந்த பிட்டைப் பாத்துட்டு ஹேண்டில்ட்னு சொல்லும். நீங்க எனேபிள் பண்ணாத காரணத்துக்கு லைனை இழுத்தது நீங்களா இருக்க முடியாது.

இன்னொரு உறையல் இருக்கு: ஹேண்ட்லருக்குள்ளயே டிஸேபிள்_ஐஆர்க்யூ கூப்பிடுறது. அது ஓடிக்கிட்டு இருக்கிற ஹேண்ட்லர் முடியட்டும்னு காத்திருக்கும், ஓடுறது அதே ஹேண்ட்லர்தான், விடியவே விடியாது. நோசிங்க்னு முடியிற இன்னொரு வடிவம் இருக்கு, ஆனா ஷேர்ட் லைன்ல அதையும் தொடாதீங்க, லைன்ல இருக்கிற எல்லாரையும் சேத்து மூடிரும். உங்க டிவைஸோட சொந்த மாஸ்க் ரெஜிஸ்டர்லயே வேலையை முடிச்சுக்கோங்க.

இன்ஸ்மாட் பண்ண உடனே, இல்ல ஆர்எம்மாட் பண்ணின கொஞ்ச நேரத்துல ஊப்ஸ் (கர்னல் க்ராஷ்)

தனி லைன்ல ஓடின டிரைவர் ஷேர்ட் லைனுக்கு வந்ததும் சாகுறது இங்கதான். ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ திரும்புறதுக்குள்ளயே பக்கத்து டிவைஸ் அடிச்சா உங்க ஹேண்ட்லர் ஓடிரும். "என் டிவைஸை நான் இன்னும் எனேபிள் பண்ணலையே"ங்கிற வாதம்லாம் செல்லாது. ஐஓரீமேப், ஸ்பின்லாக் இனிஷியலைஸ் எல்லாம் முடிச்சு, டிவைஸ் இன்டரப்டை மாஸ்க் பண்ணி, அப்புறந்தான் ரிக்வெஸ்ட். கழட்டும்போது தலைகீழா: டிவைஸை மாஸ்க் பண்ணு, ஃப்ரீ_ஐஆர்க்யூ, அப்புறம் அன்மேப்.

டெவ்எம் வெர்ஷன் (கர்னலே தானா விடுவிக்கிறது) போட்டவங்க கூடுதலா கவனிங்க. டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ ரிமூவ் ஃபங்ஷன் முடிஞ்சப்புறந்தான் லைனை விடும், நீங்க ரிமூவ்ல கையால கிளாக்கை ஆஃப் பண்ணிட்டா அந்த சின்ன இடைவெளில பக்கத்தவன் அடிச்சா போச்சு. டெஸ்ட் டேபிள்ல மாசக்கணக்கா வராது, கஸ்டமர் இடத்துல முதல் நாளே வரும்.

ஆர்எம்மாட்ல "ட்ரையிங் டு ஃப்ரீ ஆல்ரெடி-ஃப்ரீ ஐஆர்க்யூ"ன்னு வார்னிங் வந்தா, வாங்கும்போது குடுத்த டெவ்_ஐடியும் விடும்போது குடுத்ததும் வேற வேற. ஒண்ணுல ப்ரைவ், இன்னொண்ணுல பிடெவ்னு இருக்கும். வார்னிங்தானேன்னு விட்டுராதீங்க, உங்க ஹேண்ட்லர் லைன்லயே தொங்குது, மாட்யூல் மெமரி போயிருச்சு, பக்கத்தவனோட அடுத்த இன்டரப்ட்ல கர்னல் இல்லாத அட்ரஸுக்கு தாவும்.

இதையெல்லாம் முன்கூட்டியே பிடிக்க கான்ஃபிக்_டீபக்_எஸ்எச்ஐஆர்க்யூ ஆன் பண்ணி கர்னல் பில்ட் பண்ணுங்க. ஷேர்ட் லைனை விடும்போது கர்னல் வேணும்னே ஹேண்ட்லரை ஒரு தடவை சும்மா கூப்பிட்டுப் பாக்கும், ஓட்டை இருந்தா உங்க டேபிள்லயே வெடிக்கும்.

கொஞ்ச நேரம் நல்லா ஓடிட்டு டிவைஸ் ஊமையாகுது

எரர் இல்ல, கவுன்ட் ஏறலை, ரீபூட் பண்ணா மறுபடி ஓடும். லைன் எட்ஜ் ட்ரிகரான்னு பாருங்க. ஒரே ஜிபிஐஓல ரெண்டு ஐ2சி சென்சார், ஃபாலிங் எட்ஜ்னு டிவைஸ் ட்ரீல எழுதியாச்சு. முதல் சென்சார் லைனை கீழ இழுக்குது, எட்ஜ் வந்தாச்சு. ரெண்டு ஹேண்ட்லரும் ஓடுது, ரெண்டாவது சென்சார் ஒண்ணுமில்லன்னு சொல்லிருச்சு. முதல் சென்சாரை கிளியர் பண்றதுக்குள்ள ரெண்டாவது லைனை இழுக்குது, ஏற்கனவே கீழ இருக்கிறதால எட்ஜ் இல்ல. முதலாவது விட்டுருச்சு, ரெண்டாவது பிடிச்சுக்கிட்டே இருக்கு, லைன் மேல ஏறவே ஏறாது, இனிமே எட்ஜே கிடையாது, ரெண்டு சென்சாரும் ஊமை. மல்டிமீட்டர் வச்சா லைன் நிரந்தரமா லோன்னு காட்டும், அதுதான் உறுதியான அடையாளம்.

மருந்து, லெவல் லோ. ஜிபிஐஓ கன்ட்ரோலர் லெவலை சப்போர்ட் பண்ணலைன்னா எல்லா டிவைஸையும் ஒரே ஹேண்ட்லர்ல வச்சு, ஒரு முழு சுத்துல யாருமே ஆமான்னு சொல்லாத வரைக்கும் சுத்திச் சுத்தி கேக்கணும். ஐஎஸ்ஏ காலத்துல காம்1ம் காம்3ம் ஐஆர்க்யூ 4ல மோதினது இதே எட்ஜ் கணக்குதான், லினக்ஸோட 8250 சீரியல் டிரைவர் இன்னிக்கும் அந்த மாதிரி லூப்தான் போடுது, அளவுக்கு மீறி சுத்தினா வெளிய வந்துரும், பழைய கர்னல்ல அப்ப "டூ மச் வொர்க் ஃபார் ஐஆர்க்யூ4"ன்னு திட்டவும் செய்யும்.

என் டிவைஸ் சரி, பக்கத்து டிவைஸ் திணறுது

ஆடியோல டப் டப்னு சத்தம், சீரியல் போர்ட்ல கேரக்டர் தொலையுது. மேல சொன்ன என்ட்ரி, எக்ஸிட் ஈவென்ட்ல டைம்ஸ்டாம்ப் வித்தியாசத்தை பாருங்க, எந்த ஹேண்ட்லர் உக்காந்து கதை பேசுதுன்னு தெரிஞ்சுரும். த்ரெட்டட், ஒன்ஷாட் லைன்னா லைன்ல இருக்கிற எல்லா த்ரெட்டும் முடியற வரைக்கும் லைன் மாஸ்க்லயே கிடக்கும், மெதுவான ஐ2சி ரீட் ஒண்ணு போதும் மத்தவங்க பட்டினி கிடக்க. பிசிஐ டிவைஸ்னா எம்எஸ்ஐக்கு மாத்துறதுதான் நிஜமான தீர்வு, 4.8ல வந்த பிசிஐ_அலாக்_ஐஆர்க்யூ_வெக்டர்ஸ் எம்எஸ்ஐ-எக்ஸ், எம்எஸ்ஐ, ஐஎன்டிஎக்ஸ்னு வரிசையா முயற்சி பண்ணும். எம்எஸ்ஐங்கிறதே ஒரு மெமரி ரைட்தான், பிசிஐ_செட்_மாஸ்டர் மறந்தா ஒரு இன்டரப்ட்கூட வராது.

எம்எஸ்ஐ இல்லாத கார்டுன்னா ஸ்லாட் மாத்திப் பாருங்க. பிரிட்ஜுக்குப் பின்னாடி டிவைஸ் நம்பருக்கு ஏத்த மாதிரி நாலு பின்னும் சுழற்சில மாறும், பக்கத்து ஸ்லாட்டுக்கு நகத்தினாலே வேற லைன் கிடைக்க வாய்ப்பு இருக்கு. பல வருஷமா ஸ்டுடியோக்காரங்க கண்ணை மூடிக்கிட்டு செய்றது இதைத்தான், தப்பில்ல.

சஸ்பெண்ட் பண்ணும்போது வார்னிங்

லைன்ல ஒருத்தர் ஐஆர்க்யூஎஃப்_நோ_சஸ்பெண்ட், மத்தவங்க இல்ல. ஏடி91 சிப்ல டைமர், ஆர்டிசி, டீபக் யூஆர்ட் எல்லாம் ஒரே லைன்ல இருக்கு, டைமருக்கு நோ_சஸ்பெண்ட் வேணும், மத்ததுக்கு வேண்டாம். அந்த மாதிரி கேஸுக்காகத்தான் கண்ட்_சஸ்பெண்ட் ஃப்ளாக் இருக்கு. அதைப் போடுற டிரைவர், சஸ்பெண்ட் நேரத்துல ஹேண்ட்லர் ஓடினாலும் தாங்குற மாதிரி எழுதியிருக்கணும்.

விஎஃப்ஐஓல கெஸ்டுக்கு கார்டை குடுத்தா -16

விஎஃப்ஐஓங்கிறது நிஜ கார்டை அப்படியே விர்ச்சுவல் மெஷினுக்கு (கெஸ்ட்) குடுக்கிற வழி. கார்டுல ஐஎன்டிஎக்ஸ் டிஸேபிள் பிட் வேலை செஞ்சா விஎஃப்ஐஓ லைனை ஷேர் பண்ணிக்கும், ஏன்னா இன்டரப்ட் இவனுதான்னு பொதுவான ஸ்டேட்டஸ் பிட்டை பாத்து சொல்லி, டிவைஸ்லயே மாஸ்க் பண்ண முடியும். பிட் இல்லன்னா ஹோஸ்ட்டுக்கு அந்த கார்டோட மத்த ரெஜிஸ்டர் எதுவும் தெரியாது, லைனையே மூடித்தான் ஆகணும், அதனால தனியா கேக்கும், ஏற்கனவே யாராவது இருந்தா கிடைக்காது. அதே லைன்ல இருக்கிற ஹோஸ்ட் டிவைஸை அன்பைண்ட் பண்ணுங்க, இல்ல ஸ்லாட் மாத்துங்க. பிட் இருக்கிறதா காட்டிட்டு உண்மையில வேலை செய்யாத கார்டும் உண்டு, அப்ப கெஸ்ட் தொங்கும் இல்ல ஹோஸ்ட்ல நோபடி கேர்ட் வரும், விஎஃப்ஐஓ-பிசிஐ மாட்யூலுக்கு நோஐஎன்டிஎக்ஸ்மாஸ்க்னு ஆப்ஷன் குடுத்து அந்த பிட்டை நம்பாதேன்னு சொல்லிருங்க, லைனை மட்டும் அதுக்கு தனியா ஒதுக்கிக் குடுக்கணும்.